வயதானவர்கள் மருத்துவ ஆப், கருவிகளை ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

எழுபதைத் தாண்டியவர்களுக்கு டெக்னாலஜி என்றால் பயமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படித் தெரியவில்லை. காலையில் முதல் வாட்ஸப் வணக்கம் வருவதே அவர்களிடமிருந்துதான். எங்கள் பெரியப்பா குளுக்கோமீட்டரை யாரும் சொல்லித்தராமலே பழகிக்கொண்டார். விரலில் குத்தினால் சில நொடிகளில் எண் வந்துவிடுகிறது. தீபாவளிப் பலகாரம் சுகரை எவ்வளவு ஏற்றியது என்று அவரே பார்த்து, அவரே மறைத்தும்விடலாம்.

அதே மனிதர், மருத்துவப் பதிவுகளை ஒன்றாக இணைக்க அரசு தரும் ஆபா எண்ணை எடுக்க மாட்டேன் என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. அந்த 14 இலக்க எண்ணை ஆதார் வழியாக எடுக்க ஓடிபி வேண்டும். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பேங்க் சொல்கிறது, போலீஸ் சொல்கிறது. ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் மட்டும் "ஓடிபி சொல்லுங்க தாத்தா" என்கிறார்கள். யாரை நம்புவது? போதாக்குறைக்கு, பலருக்கு ஆதாரில் இருப்பது மகனுடைய நம்பர். அவன் பெங்களூரில் மீட்டிங்கில் இருப்பான்.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கு வரும் பெண் பையிலிருந்து டிஜிட்டல் பிபி மெஷினை எடுத்தால் எந்தப் பாட்டியும் முரண்டு பிடித்து நான் பார்த்ததில்லை. வீடியோவில் டாக்டரிடம் பேச வைக்கும் அரசுச் சேவையான இ-சஞ்சீவனியும் அப்படித்தான். சுகாதார நிலையத்தில் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொன்னால் திரையில் தெரியும் டாக்டரிடம் தாராளமாகப் பேசுவார்கள். மொபைலைக் கையில் திணித்து "நீங்களே பேசுங்க" என்றால்தான், நாடிகூடப் பிடிக்காதவர் என்ன டாக்டர் என்ற கேள்வி வரும். கருவியோடு ஒரு ஆளும் வேண்டும், அவ்வளவுதான்.

கீழே விழுந்தால் தகவல் அனுப்பும் வாட்ச் வேறு கதை. வாங்கித்தரும் பிள்ளைக்கு நிம்மதி, கட்டிக்கொள்பவருக்குக் கண்காணிப்பு. "நான் எத்தனை மணிக்கு எழுந்தேன்னு அவனுக்கு எதுக்குத் தெரியணும்?" என்று எங்கள் அத்தை கழற்றி வைத்துவிட்டார். நான் அத்தை கட்சி.

சரி, உங்கள் வீட்டில் தொடங்குவதென்றால் பிபி மெஷினில் தொடங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் சுற்றுவதாக வாங்குங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு தடவை பார்க்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "மெஷின் பொய் சொல்லுது" என்று அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். தொடர்ந்து 135/85-க்கு மேல் காட்டினால் டாக்டரைப் பாருங்கள். அப்புறம், எண்களை ஆப்பில் ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பழைய டைரியில் எழுதட்டும், டாக்டர் அதையும் படிப்பார்.