பதினோரு பேரோடு லடாக்: முதலில் முடிவு செய்ய வேண்டியது எங்கே தூங்குவது

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் காசிமேடு, எண்ணூர் முகத்துவாரம், பழவேற்காடு என்று படமெடுக்கக் கிளம்பிவிடும் குழு எங்களுடையது. வரும் செப்டம்பர் கடைசியில் பதினோரு பேர் லடாக் போகிறோம். ஏற்கெனவே ஒருமுறை லே வரை போய் வந்தவன் என்பதால் என்னைத் தலைவனாக்கிவிட்டார்கள். 22 வயதுப் பையனும் இருக்கிறான், 61 வயதுப் பெரியவரும் இருக்கிறார். இருவருக்கு ரத்த அழுத்தம், ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஏழு நாளில் நூப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி, ஹன்லே கிராமம், சோ மோரிரி ஏரி நான்கையும் முடிக்க வேண்டும், பால்வீதியை எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது? நானும் நாலு படம் எடுக்க நேரம் கிடைக்குமா?

பதில்: ஏழு நாளில் நான்கு இடம் என்பது ஜீப் ஜன்னல் வழியாகப் பார்க்கிற பயணம். ட்ரைபாட் விரிக்கிறவர்களுக்கு ஆகாது. நூப்ராவையும் பாங்காங்கையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். குழுவில் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

நிலக்காட்சிப் பயணத்தை எல்லோரும் படத்திலிருந்துதான் திட்டமிடத் தொடங்குகிறார்கள். எந்த ஏரியில் எந்த வெளிச்சம், எந்தக் கணவாயில் எந்தக் கோணம் என்று பட்டியல் போட்டுவிட்டு, இடையில் கிடைக்கிற ஊரில் அறை எடுக்கிறார்கள். லடாக்கில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு இரவும் எவ்வளவு உயரத்தில் தூங்கப்போகிறோம் என்பதை முதலில் எழுதுங்கள், படம் அதற்குள் அடங்கட்டும். கடல் மட்டத்திலிருந்து ஏழெட்டு மீட்டர்கூட உயராத தெருக்களில் வாழ்கிற நாம், ஒரே காலையில் 3,500 மீட்டர் உயரத்து லேயில் இறங்குகிறோம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. பகலில் உயரமான கணவாயைத் தாண்டி வரலாம், தலையணை எங்கே என்பதுதான் கணக்கு.

இந்த விதியை வைத்துப் பார்த்தால் உங்கள் பயணத்திற்கு ஒன்பது நாள் வேண்டும். வெள்ளி இரவு டெல்லி விமானம், சனி அதிகாலை லே. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று இரவும் லேயிலேயே. முதல் இரண்டு நாள் ஓய்வு என்றால் ஓய்வுதான். சாந்தி ஸ்தூபியின் படிகளை ஓடி ஏறிக் காட்டுகிற இளைஞன்தான் மாலையில் வாந்தி எடுப்பான். மூன்றாம் நாள் ஷே, திக்சே மடாலயங்கள் பக்கம் போய் வரலாம். செவ்வாய் சுமதாங், சுமார் 4,000 மீட்டர், சிந்து நதிக்கரையில் வெந்நீர் ஊற்றுள்ள சின்ன ஊர். புதனும் வியாழனும் ஹன்லே, சுமார் 4,300. வெள்ளி சோ மோரிரிக் கரையில் உள்ள கோர்சோக், 4,500-க்குச் சற்று மேல். சனி லே, ஞாயிறு வீடு. லேயிலிருந்து ஹன்லே சுமார் 250 கி.மீ.தானே, ஒரே நாளில் போய்விடலாமே என்று கேட்பார்கள். போகலாம், டிரைவரும் சம்மதிப்பார். ஆனால் ஒரே நாளில் 800 மீட்டர் ஏறிப் படுத்தால் பதினோரு பேரில் இரண்டு பேருக்காவது அந்த இரவு தலைவலியில் போகும், பால்வீதியும் அவர்களோடு போகும்.

ஹன்லேக்குப் போனபின் யாராவது உம்லிங் லா கணவாய்க்குப் போகலாம் என்று கிளப்புவார்கள். 5,798 மீட்டர். பெயர்ப்பலகை முன்னால் நின்று எடுக்கும் செல்பிக்கு அப்பால் உங்கள் குழுவுக்கு அங்கே வேலை இல்லை.

உடல்நிலை விஷயத்தில் நீங்கள் மருத்துவர் ஆக வேண்டாம், ஆனால் கறாராக இருங்கள். பதினோரு பேரும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தங்கள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். உயரத்தால் வரும் தொல்லையைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை யாருக்குத் தேவை, எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இன்சுலின் உறைந்தால் கெட்டுப்போகும். ஆகவே அது இரவில் வெளியே நிற்கும் வண்டியில் கிடக்கக் கூடாது, சட்டைக்குள் உடம்போடு இருக்க வேண்டும். முதல் சில நாட்கள் மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

உயரத்தால் வரும் தொல்லையில் பெரிய ஆபத்து, ஆட்கள் அதை மறைப்பதுதான். பணம் கட்டியாயிற்று, மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்வார்கள். இதை உடைக்க ஒரு வழி உண்டு. தினமும் காலைத் தேநீரின்போது எல்லோரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: தலை வலிக்கிறதா, தூங்கினீர்களா, சாப்பாடு இறங்கியதா. முதலில் நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், அதுவும் உள்ளது உள்ளபடி. தலைவரே ‘எனக்கு இரவு தலைவலி’ என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வெட்கம் போய்விடும். லேசான தலைவலி என்றால் மேலே ஏறாமல் அதே உயரத்தில் இருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலோடு நுரை வருவது நுரையீரலில் நீர் கோப்பதன் அறிகுறி. குதிகாலும் விரலும் ஒட்டும்படி நேர்கோட்டில் நடக்கச் சொல்லி ஆள் தள்ளாடினால், பேச்சில் குழப்பம் தெரிந்தால், மூளை வீக்கமாக இருக்கலாம். இந்த இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் வழித்துணைக்குத்தான், இறங்குவதற்கு மாற்று அல்ல.

எதில் இறக்குவீர்கள்? பதினோரு பேருக்கு ஒரு டெம்போ டிராவலர் மலிவு, ஒன்றாகப் பாட்டுப் பாடிக்கொண்டும் போகலாம். அதில் ஒருவருக்கு முடியாமல் போனால் பதினோரு பேரும் இறங்க வேண்டும். அல்லது, இதுதான் வழக்கமாக நடப்பது, பதினோரு பேரின் ஆசைக்காக ஒருவர் மேலேயே கிடக்க வேண்டும். மூன்று கார்கள் எடுங்கள், நான்கு, நான்கு, மூன்று. அவை லடாக் பதிவெண் கொண்ட டாக்ஸிகளாக இருக்க வேண்டும். அங்குள்ள டாக்ஸி சங்கத்தின் நடைமுறைப்படி வெளியூர் வாடகை வண்டியில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். நோயாளியோடு இறங்கப்போவது யார் என்பதைச் சென்னையிலேயே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். என் கருத்தில் இறங்க வேண்டியவர் தலைவர்தான். அதனால் வழியும் அறை விவரமும் பணமும் அறிந்த ஒரு துணைத்தலைவர் கட்டாயம் தேவை.

தொடர்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மூர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. குழுவில் குறைந்தது நான்கு பேரிடம், இரு வேறு நிறுவனங்களின் போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும். துபாயிலிருந்து மைத்துனர் வாங்கித் தந்தார் என்று யாராவது சாட்டிலைட் போன் வைத்திருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே இந்தியாவில் குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு. ட்ரோனும் வேண்டாம், நீங்கள் போவது எல்லைப் பகுதி. ராணுவ முகாம், பாலம், சோதனைச் சாவடி பக்கம் கேமராவே திரும்பக் கூடாது. அனுமதி, கட்டண விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, டிக்கெட் எடுக்கும் முன் லே மாவட்ட நிர்வாகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும்.

இனி வெளிச்சம். வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. காசிமேட்டில் சூரியன் கடலிலிருந்து நேராக எழுகிறது. கைபேசி 5.58 என்று காட்டினால் 5.58-க்குப் படகுகளுக்குப் பின்னால் சிவப்பு வந்துவிடும். மலைப் பள்ளத்தாக்கில் அந்த நேரம் பொய். சூரியன் முகட்டைத் தாண்டி வர வேண்டும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள், அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து முகடு ஒரு முஷ்டி உயரத்தில் இருந்தால், ஹன்லே இருக்கும் அட்சரேகையில் செப்டம்பர் சூரியன் அதைத் தாண்ட முக்கால் மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். இரண்டு முஷ்டி என்றால் ஒன்றரை மணி நேரத்திற்கு மேல். சூரியன் தெற்கே சாய்ந்தபடி ஏறுவதால், உதிக்கும் இடத்தில் அல்ல, அதற்குச் சற்று வலப்பக்கத்து முகட்டில் முஷ்டியை வையுங்கள். முந்தைய மாலையே இதை அளந்துவிட்டால், பதினோரு பேரை மைனஸ் குளிரில் வீணாக எழுப்பி நிறுத்த வேண்டியிருக்காது. ஒரு விதிவிலக்கு: எதிரே மேற்கில் உயரமான சிகரம் இருந்தால், வெயில் நம்மைத் தொடுவதற்கு வெகு முன்பே அதன் உச்சி சிவந்துவிடும். கோர்சோக் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. மாலை வெளிச்சம் எதிர்க்கரை மலைகளில் விழும், அதைக் கோர்சோக் கரையில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். பிம்பம் வேண்டுமானால் காலை, ஏனென்றால் மதியத்திற்கு மேல் காற்று தண்ணீரைக் கலைத்துவிடும்.

பால்வீதிக்கு வருவோம். செப்டம்பர் கடைசியில் அதன் மையப்பகுதி இருட்டும்போதே தென்மேற்கில் நிற்கும். இரவு ஏழரை மணிவாக்கில் வானம் முழுக்கக் கறுத்துவிடும், பத்தரை மணிவாக்கில் மையம் அடிவானத்தைத் தொட்டுவிடும், இடையில் மலை இருந்தால் இன்னும் முன்பே. அதிகாலை இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எல்லோரையும் எழுப்புவது மே மாதத்து வேலை. இப்போது எழுப்பினால் மையம் இருக்காது, வயதானவர்களுக்குச் சளி பிடிப்பதுதான் மிச்சம். ஆகவே ஆறு மணிக்கே வயிற்றைக் கொஞ்சம் நிரப்பி, வெளிச்சம் இருக்கும்போதே இடம் பிடித்து, ஒன்பதரைக்கு அறை. நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்து, ஹன்லேயின் இரண்டு இரவுகளும் அதற்கு இரண்டு நாள் முன்போ பின்போ வரும்படி மொத்தப் பயணத்தையும் நகர்த்துங்கள். இன்னொன்றையும் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நம்மூரில் அந்த மையம் தெற்கே 48 டிகிரி வரை ஏறும், ஹன்லேயில் 28 டிகிரிதான். வடக்கே போகப் போக அது தாழும். தலைக்கு மேல் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். தெற்கும் தென்மேற்கும் திறந்திருக்கும் இடத்தைப் பகலிலேயே பாருங்கள்.

ஹன்லே 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி. அங்குள்ள தொலைநோக்கிகளை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வேர் நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தில் இருக்கிறது. அந்த உறவுக்காகவாவது நம் ஆட்கள் ஒழுங்காக இருக்கலாம். நெற்றி விளக்கில் சிவப்பு ஒளி மட்டும். கார் முகப்பு விளக்கு கூடாது. படமெடுக்கும்போது கைபேசித் திரை சட்டைப்பைக்குள்.

ஒத்திகை எண்ணூரில் நடக்கட்டும். நம் வானத்தில் பால்வீதி தெரியாது, ஆனால் கை பழக இருட்டுப் போதும். கையுறை போட்டபடி, விளக்கில்லாமல், ட்ரைபாட்டை விரித்து, கேமராவை மாட்டி, பேட்டரியை மாற்றி, கார்டைத் திறந்து மூட வேண்டும். பிறகு லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, கையால் போகஸ் செய்து, அது ஊசிமுனையானதும் போகஸ் வளையத்தில் டேப் ஒட்ட வேண்டும். இதை மொட்டை மாடியில்கூடச் செய்யலாம். இதைச் சென்னையில் செய்ய முடியாதவர் ஹன்லேயில் உங்கள் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். 20 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டக கேமரா என்றால் 20 முதல் 25 வினாடி, எப்/2.8, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கலாம். இருட்டில் திரை எப்போதும் படத்தை வெளிச்சமாகக் காட்டும், வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்க்கப் பழக்குங்கள். அறைக்குத் திரும்பும் முன், வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் திறக்காமல் விடுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்த லென்ஸ் நம்மூர்க் காற்றில் எப்படிப் பனிக்கிறதோ, அதேதான் அங்கே வெதுவெதுப்பான அறைக்குள் நடக்கும். பேட்டரி குளிரில் சீக்கிரம் படுத்துவிடும், உபரியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

வழியில் சண்டை வருவது ஒரே விஷயத்தில்: வண்டியை நிறுத்துவது. பதினோரு பேரும் பதினோரு இடத்தில் ‘நிறுத்துங்கள்’ என்றால் ஹன்லேக்கு இரவில்தான் போய்ச் சேர்வீர்கள். மதியத்திற்கு முன் ஒவ்வொரு காருக்கும் இரண்டு நிறுத்தம் என்று வைத்துவிடுங்கள், காருக்குள் அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். கியாங் எனும் காட்டுக்கழுதைகளைக் கண்டால் ஜீப்பை விட்டுத் துரத்தச் சொல்வார்கள், அனுமதிக்காதீர்கள். அந்த உயரத்தில் அவை ஓடி இழக்கும் தெம்பு குளிர்காலத்திற்கான சேமிப்பு. சாங்பா மேய்ப்பர்களைப் படமெடுக்கும் முன் ‘ஜூலே’ என்று லடாக்கிய வணக்கம் சொல்லி, கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். பழவேற்காட்டு வலைக்காரர்களிடம் நீங்கள் நடந்துகொள்ளும் அதே முறைதான்.

பணத்தை மூன்று தவணையாக வாங்குங்கள். கார் வாடகையை ஆட்களால் வகுத்திருப்பதால், கடைசி நேரத்தில் விலகுகிறவர் தன் கார் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை முதல் தவணையின்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவசரத்திற்கென்று ஒரு தொகையை ரொக்கமாக, துணைத்தலைவரிடம் பாதியும் உங்களிடம் பாதியுமாக வையுங்கள். லேயைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப முடியாது.

கடைசிக் கேள்வி, உங்களுக்கு நேரம் கிடைக்குமா? நல்ல வெளிச்சம் விழும் அந்த இருபது நிமிடத்தில் கிடைக்காது. யாருடைய ட்ரைபாட் யார் சட்டகத்தில் நிற்கிறது, அறுபத்தொரு வயதுக்காரர் எந்தப் பாறையில் கால் வைக்கிறார் என்பதுதான் அப்போது உங்கள் வேலை. ஆனால் ஹன்லேயில் இரண்டாம் இரவு ஒரு வழி இருக்கிறது. தொலைநோக்கி வைத்து வானம் காட்டப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் அங்கே உண்டு. கட்டணம் பேசி ஒருவரை அமர்த்தி, எட்டு மணிக்குக் குழுவை அவரிடம் ஒப்படையுங்கள். துணைத்தலைவர் அங்கேயே நிற்கட்டும். கூப்பிடு தூரத்தில் ட்ரைபாட்டை விரித்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் உங்களுடையது.