மீன் கத்தி: நுனியின் நீலமும் பிடியின் இடைவெளியும்

வணக்கம். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் நீங்கள் அடித்த மீன் கத்தியின் படங்களைப் பார்த்தேன். வேலைப்பாட்டில் குறை எங்கே என்றும், நுனி மட்டும் சீக்கிரம் மழுங்குவது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள்.

வடிவம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாயின் வளைவு நெய்மீனைத் துண்டு போடுவதற்கு ஏற்றது.

நுனி மழுங்குவதற்கான காரணம் படத்திலேயே தெரிகிறது. அங்கே இரண்டு விரற்கடை அளவுக்கு நீலம் பாய்ந்திருக்கிறது. கிரைண்டரில் அடிக்கடி தண்ணீரில் முக்காமல் தீட்டினால் மெல்லிய நுனிதான் முதலில் சூடேறும். ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸில் தோன்றும் அந்த நீலம், பதம் (இரும்பின் கடினத்தன்மை) இறங்கிவிட்டதைக் காட்டுகிறது. பாலிஷ் போட்டால் நிறம் போகுமே தவிர, பதம் திரும்பாது. பிடியைக் கழற்றிவிட்டு, காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றுக் கடக்கும்வரை காய்ச்சி, வெதுவெதுப்பான எண்ணெயில் முக்கி, ஆறியவுடன் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வீதம் இருமுறை ஓவனில் வையுங்கள். அதன்பின் கையால் மட்டும் தீட்டுவதே நல்லது.

பிடியைத்தான் நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். பனை வைரம் (பனையின் கெட்டியான மரப்பகுதி) நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பொருத்தமான, அழகான தேர்வு. ஆனால் அதன் கரிய நார்கள் ஓரத்தில் சிலாம்பாக எழும்பியிருக்கின்றன, ஈரக்கையில் அவை குத்தும். இரும்புக்கும் மரத்துக்கும் இடையே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது. குளச்சல் போன்ற கடலோரத்தில் உப்புநீர் அதற்குள் தங்கினால், வெளியே தெரியாமலேயே துரு அரிக்கும். இரும்பு ஆணிகளுக்குப் பதிலாகப் பித்தளைக் கம்பியை அறைந்து, இடைவெளி முழுவதையும் எபாக்ஸி பசையால் அடைத்து, மரத்துக்கு ஆளி விதை எண்ணெயைப் பலமுறை மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள்.