ஒரே வீடு, ஒரே மாத்திரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 34. டைப் 2 சர்க்கரை என்று சொல்லி இரண்டு வருடமாகிறது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஏற்கெனவே உண்டு. அண்ணன் சாப்பிடும் அதே மாத்திரைதான் எனக்கும். அவருக்குக் கேட்கிறது, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மரபணுச் சோதனை செய்தால் எனக்கென்றே பொருந்தும் மருந்தைச் சொல்லிவிடுவார்கள் என்கிறார் நண்பர். செய்யலாமா? அப்புறம், ஜீனிலேயே இருக்கிறது என்றால் நடையும் உணவுக் கட்டுப்பாடும் எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்து நடையை விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு. நீங்களும் விட்டுவிடக் கூடாது.

2006-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவுக்கும் டைப் 2 சர்க்கரைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். இன்றுவரை பரவலாகக் காணப்படும் மாறுபாடுகளில் வலுவானது இதுதான். அதில் ஓரிடத்தில் சி என்ற டிஎன்ஏ எழுத்துக்குப் பதில் டி இருக்கும், அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களுக்குக் கணையம் தேவைக்கேற்ப இன்சுலினைச் சுரப்பதில் தடுமாறுகிறது. அதே ஆண்டு, அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வில் பங்கேற்றவர்களிடமும் இந்த எழுத்தைப் பார்த்தார்கள். எல்லோருமே சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்ட பிரிவில், அம்மா அப்பா இருவரிடமிருந்தும் டி வாங்கியவர்களுக்கு ஆபத்து நன்றாகவே கூடியிருந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்று இலக்கு வைத்த பிரிவிலோ அந்தக் கூடுதல் ஆபத்து மிகவும் சுருங்கிவிட்டது. ஜீன் மாறவில்லை. அது செய்யும் சேதம்தான் குறைந்தது.

இனி மாத்திரை. டைப் 2 என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. 2018-இல் ஸ்வீடன், பின்லாந்து ஆய்வாளர்கள் பெரியவர்களுக்கு வரும் சர்க்கரையை ஐந்து வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வகையில் இன்சுலின் சுரப்பே குறைவு, கண் முன்னதாகக் கெடுகிறது. இன்னொன்றில் இன்சுலின் இருக்கிறது, உடல் அதற்குக் கட்டுப்படுவதில்லை. அங்கே சிறுநீரகத்துக்குத்தான் ஆபத்து அதிகம். இந்தப் பிரிவினையை எப்படிப் பயன்படுத்துவது என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, பிரிக்க அவர்கள் எடுத்துக்கொண்டவை வயது, எடை, ரத்தச் சோதனைகள்தான், ஜீன் அல்ல. அதில் ஒன்று சி-பெப்டைடு. கணையம் இன்சுலினைத் தயாரிக்கும்போது நடுவிலிருந்து வெட்டி விடப்படும் துண்டு அது. ஓர் இன்சுலினுக்கு ஒரு துண்டு என்பதால், அதை அளந்தாலே உங்கள் கணையம் எவ்வளவு உழைக்கிறது என்று தெரிந்துவிடும். அண்ணனுக்கும் உங்களுக்கும் இந்த அளவு வேறாக இருக்கலாம்.

சரி, மரபணுச் சோதனையே வேண்டாமா? சாதாரண டைப் 2-வுக்கு அது இன்று மருந்தைத் தேர்ந்து கொடுக்காது. பல நூறு மாறுபாடுகள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளிவிடும் நோய் இது. ஆனால் மோடி (MODY) என்றொரு சர்க்கரை வகை உண்டு. ஒரே ஒரு மரபணுவின் பழுது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரும்பாலும் இளவயதிலேயே வரும், உடல் பருமன் இருக்க வேண்டியதில்லை. இங்கே சோதனை சிகிச்சையையே மாற்றும். எச்என்எஃப்1ஏ என்ற மரபணுவில் பழுது என்றால், இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை சிறிய அளவிலேயே நன்றாகக் கேட்கும். குளுக்கோகைனேஸ் மரபணுவில் பழுது என்றால், சர்க்கரையை உணரும் அளவுகோலே சற்று மேலே நிற்கிறது என்று பொருள். பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. இவர்களுக்கும் டைப் 2 என்று சொல்லி வருடக்கணக்கில் மருந்து கொடுப்பதுண்டு. இதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

உங்கள் மூவருக்கும் எந்த வயதில் வந்தது, அப்போது உடல்வாகு எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அதை ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சி-பெப்டைடும், ஜிஏடி எதிர்ப்பணுச் சோதனையும் எனக்குத் தேவையா என்று கேளுங்கள். இந்த இரண்டாவது சோதனை, இது உடலே தன் கணையத்தைத் தாக்குவதால் மெதுவாக வரும் டைப் 1-ஆ என்று சொல்லும். மரபணுச் சோதனை வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு அவரே சொல்லட்டும். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.