பழைய ஹைட்ரஜன் பெராக்சைடு, போர்வையில் இரத்தக் கறை

பாட்டிலைத் திறந்து ஒரு வருடமாகிவிட்டது, அப்பாவின் முழங்கால் காயத்தில் ஊற்றினால் நுரையே வரவில்லை, வெள்ளைப் போர்வையில் பட்ட இரத்தக் கறைக்காவது ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஒரு உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய பக்கத்தில் நாலு சொட்டு விடுங்கள். இரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி கிழங்கிலும் உண்டு. அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். அந்த ஆக்சிஜன்தான் நுரை. கிழங்கிலும் பொங்கவில்லை என்றால் பாட்டிலில் மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் வீணாகும், அதனால்தான் பழுப்பு பாட்டிலில் விற்கிறார்கள்.

நுரை வந்தால் போர்வைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பச்சைத் தண்ணீரில் அலசி (வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும்), கறைமேல் ஊற்றி, நுரை அடங்கியதும் ஒற்றி எடுத்து, மறுபடி ஊற்றுங்கள். பட்டு, கம்பளிக்கு வேண்டாம். சாயத் துணி என்றால் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

காயத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6%. அது கிருமியோடு சேர்த்து, ஆறிவரும் புதுத் தோலையும் அரிக்கும். குழாய்த் தண்ணீரும் சோப்பும் போதும். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், வினிகர், பிளீச்சிங் பவுடர் எதனோடும் இதைக் கலக்காதீர்கள்.