ஸ்விட்ச்சைத் தூக்கிப் போடும் முன்…

வாசகர் கேள்வி – பதில்: மெஷ் வைஃபையும் லேன் ஸ்விட்ச்சும்

வீட்டின் பல இடங்களில் வைத்த யூனிட்டுகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குவது மெஷ். ஒரு நெட்வொர்க் கேபிளைப் பல கேபிளாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி லேன் ஸ்விட்ச். கேபிள் செருகும் துளைதான் போர்ட்.

ஃபைபர் பெட்டியிலிருந்து எட்டு போர்ட் ஸ்விட்ச்சுக்கு ஒரு கேபிள், ஸ்விட்ச்சிலிருந்து மூன்று மெஷ் யூனிட்டுக்கும் தனித்தனிக் கேபிள் கொடுத்திருக்கிறேன். மாடியில் சிக்னல் முழுதாகக் காட்டுகிறது. இன்டர்நெட் மட்டும் வந்து வந்து போகிறது. ஸ்விட்ச் போய்விட்டதா?
– வாசகர், திருச்சி

ஸ்விட்ச் நன்றாகத்தான் இருக்கும்; அதை வைத்த இடம்தான் தப்பு. வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) கொடுப்பது பிரதான மெஷ் யூனிட்டின் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வர வேண்டும். உங்கள் வயரிங்கில் மூன்று யூனிட்டும் ஃபைபர் பெட்டியின் முன் சரிசமமாக நிற்கின்றன. மாடி யூனிட் கேபிள் வழியே போனால் ஃபைபர் பெட்டியிடம் மாட்டிக்கொள்கிறது. கேபிளை விட்டால் காற்றில் பிரதான யூனிட்டைப் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே அது தாவிக்கொண்டிருப்பதுதான் உங்களுக்கு 'வந்து வந்து போவது'.

ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளைப் பிரதான யூனிட்டின் வேன் போர்ட்டில் (வெளி இன்டர்நெட் உள்ளே வரும் போர்ட்) செருகுங்கள். அதன் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளுக்கான போர்ட்) ஸ்விட்ச்சுக்கு ஒரு கேபிள். மற்ற இரண்டு யூனிட், டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் ஸ்விட்ச்சில். ஃபைபர் பெட்டியின் லேன் போர்ட்டுகளில் இந்த ஒரு கேபிளைத் தவிர வேறு எதுவும் செருகியிருக்கக் கூடாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் ஃபைபர் பெட்டியைப் போட்டு அதன் விளக்குகள் நிலைக்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பிறகு பிரதான யூனிட், அடுத்து ஸ்விட்ச், கடைசியாக மற்ற யூனிட்டுகள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, ஸ்விட்ச்சில் செருகிய கம்ப்யூட்டரின் நெட்வொர்க் விவரத்தில் கேட்வே (அந்தக் கருவி இன்டர்நெட்டுக்குப் போகும் வாசல்) முகவரியையும், மாடியில் போனின் கேட்வே முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக, பிரதான யூனிட்டின் முகவரியாக இருக்க வேண்டும். ஃபைபர் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்று வைத்துக்கொண்டால், அது எங்கேயாவது கேட்வேயாகத் தெரிந்தால் ஒரு கேபிள் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

ஃபைபர் பெட்டியும் ஸ்விட்ச்சும் ஒரே மூலையில், பிரதான யூனிட் ஹாலில் என்ற ஏற்பாடு பல வீடுகளில் உண்டு. அப்போது ஹாலுக்கு இரண்டு கேபிள் வேண்டும்: போக ஒன்று, திரும்ப ஒன்று. ஒன்றுதான் இழுத்திருக்கிறது என்றால் பிரதான யூனிட்டை அந்த மூலைக்கே கொண்டுபோய்விடுங்கள். மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (ஐபி முகவரி கொடுப்பதை ஃபைபர் பெட்டியிடம் விட்டுவிட்டு வைஃபை மட்டும் தரும் முறை) மாற்றினால் இப்போதைய வயரிங்கே போதும் என்று கடைக்காரர் சொல்லலாம். சில தயாரிப்புகளில் அது நடக்கும், எல்லாவற்றிலும் நடக்காது. வரிசையைச் சரிசெய்வதுதான் நிச்சயமான வழி.

சில நாளைக்கு ஒருமுறை வீடு முழுக்க நெட் நின்றுவிடுகிறது. ஸ்விட்ச்சில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் வெறி பிடித்த மாதிரி மின்னுகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிறது.
– வாசகி, மதுரை

இது லூப். ஒரு தகவல் போன பாதையிலேயே சுற்றித் திரும்பி வந்து, பெருகி, வேறு எதற்கும் இடமில்லாமல் அடைத்துக்கொள்கிறது. சாதாரண, செட்டிங் இல்லாத ஸ்விட்ச்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு லூப்பைத் தடுக்கும் வசதி கிடையாது.

விளக்குகள் மின்னும்போதே, அணைக்காமல், கேபிள்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி விடுங்கள். எதை உருவியதும் மின்னல் அடங்குகிறதோ அந்தக் கேபிள் லூப்பில் இருக்கிறது. அதன் மறுமுனை எங்கே போகிறது என்று கையால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். வெள்ளையடித்த பிறகோ சுத்தம் செய்த பிறகோ ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிவைப்பது சகஜம். ஒரு யூனிட்டின் இரண்டு போர்ட்டிலிருந்தும் ஸ்விட்ச்சுக்குக் கேபிள் கொடுத்தால் 'வேகம் இரட்டிக்கும்' என்று நினைப்பதும் உண்டு. வேகம் இரட்டிக்காது, லூப்தான் வரும்.

உருவிய கேபிள் ஒழுங்காக ஒரே ஒரு மெஷ் யூனிட்டுக்குத்தான் போகிறது என்றால் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. அந்த யூனிட் கேபிளிலும் வைஃபையிலும் ஒரே நேரத்தில் பிரதான யூனிட்டோடு பேசுகிறது. அதுவே ஒரு வட்டம். கேபிள் இருப்பதை மெஷ் கண்டுகொண்டால் காற்று வழியைத் தானே விட்டுவிடும். அதைக் கண்டுகொள்ள யூனிட்டுகள் ஒன்றுக்கொன்று சிறு சிறு அறிவிப்புகளை அனுப்பிக்கொள்கின்றன. பல தயாரிப்புகள் இதற்கு 1905.1 என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. சில ஸ்விட்ச்சுகள் இந்த அறிவிப்பை அடுத்த பக்கம் விடாமல் விழுங்கிவிடும். சோதிப்பது எளிது: ஸ்விட்ச்சை விலக்கிவிட்டு அந்த யூனிட்டை நேரே பிரதான யூனிட்டின் லேன் போர்ட்டில் செருகி, மெஷ்ஷின் ஆப்பில் அதன் இணைப்பு 'ஈதர்நெட்' (அதாவது கேபிள் வழி) என்று மாறுகிறதா பாருங்கள். நேரே செருகினால் மாறுகிறது, ஸ்விட்ச் வழியே மாறவில்லை என்றால், அந்த ஒரு சந்தர்ப்பத்தில் ஸ்விட்ச்சை மாற்றத்தான் வேண்டும்.

புது யூனிட்டை முதலில் வைஃபையிலேயே சேர்த்து, அது நிலைத்த பிறகு கேபிளைச் செருகுவது நல்லது. ஆனால் தயாரிப்பாளரின் வழிமுறை வேறாகச் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

300 எம்பிபிஎஸ் பிளான். கீழே முழு வேகம், மாடி யூனிட் அருகே 94-க்கு மேல் ஏறுவதே இல்லை.
– வாசகர், கோவை

94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கையில் கிடைப்பது அவ்வளவுதான். ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு பெரும்பாலும் ஓசைப்படாமல் 100-க்கு இறங்கிவிடும்.

முதலில் ஸ்விட்ச்சின் அடியில் 10/100 என்று மட்டும் போட்டிருக்கிறதா பாருங்கள். அப்படியானால் ஸ்விட்ச்சே 100-க்கு மேல் போகாது. 1000-மும் இருந்தால், மாடி யூனிட்டைக் கீழே கொண்டுவந்து ஒரு மீட்டர் ரெடிமேட் கேபிளில் அதே போர்ட்டில் செருகுங்கள். 94 தாண்டினால் சுவருக்குள் போகும் கேபிளோ அதன் பிளக்குகளோதான் குற்றவாளி. பெரும்பாலும் பிளக்தான். இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யச் (புது பிளக்கைக் கருவியால் அழுத்திப் பொருத்த) சொல்லுங்கள். பிளக்கின் கிளிப் கீழே, முனை உங்களை விட்டு அப்பால் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. ஜோடிக் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெளி உறை பிளக்குக்குள் போய் இறுக வேண்டும்.

வெட்டிய கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வளைத்தால் ஒடியும். அதை மறுபடி மறுபடி கிரிம்ப் செய்து நேரத்தை வீணாக்காமல், முழுச் செம்புக் கேட்5இ அல்லது கேட்6 கேபிளை இழுத்துவிடுங்கள்.

கரண்ட் போகும்போதெல்லாம் மாடி வைஃபை மந்தமாகிறது. ஃபைபர் பெட்டியும் பிரதான யூனிட்டும் மினி யூபிஎஸ்ஸில், மாடி யூனிட் இன்வர்ட்டரில் இருக்கின்றன.
– வாசகி, நாகர்கோவில்

ஸ்விட்ச்சை விட்டுவிட்டீர்கள். அது அணைந்ததும் மாடி யூனிட் கேபிளை இழந்து, கான்கிரீட் தளத்தைத் தாண்டிக் காற்றில் இழுக்கிறது. கரண்ட் வந்த பிறகும் கேபிளுக்குத் திரும்பச் சில நிமிடம் எடுக்கும். ஐந்து போர்ட் ஸ்விட்ச் இழுப்பது பெரும்பாலும் 5 வாட்டுக்குள்தான். யூபிஎஸ்ஸுக்கு அது பாரமே இல்லை. ஆனால் சின்ன ஸ்விட்ச்சுகள் பல 5 அல்லது 9 வோல்ட். மினி யூபிஎஸ் பின்னோ வழக்கமாக 12 வோல்ட். பின் அளவு பொருந்திவிடும், ஸ்விட்ச் எரிந்துவிடும். அடியில் போட்டிருக்கும் வோல்ட்டைப் படித்துவிட்டு, 5, 9, 12 மூன்றும் தரும் மினி யூபிஎஸ்ஸாக வாங்குங்கள். இன்வர்ட்டர் லைன் பக்கத்திலேயே இருந்தால் ஸ்விட்ச்சின் சொந்த அடாப்டரை அதில் செருகிவிடுவது இன்னும் எளிது.

செட்டிங் உள்ள ஸ்விட்ச் வாங்கிய பிறகு போனிலிருந்து டிவிக்கு வீடியோ அனுப்ப முடியவில்லை. நெட் இரண்டிலும் வருகிறது.
– வாசகர், சென்னை

ஸ்விட்ச்சின் செட்டிங் பக்கத்தில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிட்டு டிவியை ஒருமுறை ஆஃப் செய்து போடுங்கள். போனும் டிவியும் ஒன்றையொன்று தேடும் அழைப்புகளைச் சில ஸ்விட்ச்சுகள் இதன் பெயரில் வடிகட்டிவிடுகின்றன. அதற்கும் மசியவில்லை என்றால் போன் கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபை; அதிலிருந்து வீட்டு டிவி பெரும்பாலும் தெரியாது) இருக்கிறதா பாருங்கள்.