கோல்கானன் பசை மாதிரி இழுப்பது ஏன்?

மிக்ஸியை விட்டுவிட்டு உருளைக்கிழங்கைக் கையால் மசியுங்கள். அயர்லாந்தின் பண்டிகையான செயின்ட் பேட்ரிக் நாள் விருந்துக்கு ஒத்திகையாக மிக்ஸியில் மசித்துச் செய்த கோல்கானன் (முட்டைக்கோஸ் கலந்த ஐரிஷ் உருளைக்கிழங்கு மசியல்) பசையாக இழுக்கிறது என்கிறீர்களே, பெரும்பாலும் காரணம் அந்த பிளேடுதான். வேகமாகச் சுற்றும்போது கிழங்கின் ஸ்டார்ச் வெளியே வந்துவிடும்.

சோதிக்க, நாலு கிழங்கை மட்டும் வேகவைத்து வடித்து, அதே பாத்திரத்தில் சிறுதீயில் ஈரம் போகும்வரை வையுங்கள். சூட்டோடு மசித்து முதலில் வெண்ணெய், அப்புறம் சூடான பால். வேகவைத்த முட்டைக்கோஸை நன்றாகப் பிழிந்து கடைசியில் கலக்கவும். அப்போதும் இழுத்தால் கிழங்கு வகையை மாற்றுங்கள். அயர்லாந்தில் ரூஸ்டர் போன்ற மாவுக் கிழங்கைத்தான் எடுப்பார்கள்.

ஏற்கெனவே பசையானதைத் திருத்த முடியாது. தட்டி வெண்ணெயில் பொரித்துவிடுங்கள், அதுவும் ருசிதான்.