சரிவில் ஒரு சமதளம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 52 வயது. நாற்காலியில் உட்கார்ந்தே பாதி ஆயுள் போய்விட்டது. மலைப்பக்கம் ஒரு ஏக்கர் நிலம் பார்த்து வைத்திருக்கிறோம். மேலிருந்து கீழ்வரை ஒரே சரிவு. அடியில் மட்டும், ஓடையை ஒட்டி, பலகை போட்டதுபோல ஒரு சமதளம். பார்த்ததுமே ‘வீடு இங்கேதான்’ என்று மனைவி சொல்லிவிட்டாள். நாலு ஆடு, கொஞ்சம் கோழி, காய்கறி, தினமும் காலையில் மலைப்பாதையில் பத்து கிலோமீட்டர் நடை. இங்கே பூங்காவில் இரண்டு மணி நேரத்தில் பத்து கிலோமீட்டர் நடந்துவிடுகிறேன். இதெல்லாம் நடக்கிற காரியமா? ஒரு ஏக்கர் போதுமா? எப்படிப்பட்ட காலணி வாங்கலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தச் சமதளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம். நானும் அதில் ஏமாந்தவன்தான்.

சரிவான நிலத்தில் ஒரு துண்டு மட்டும் சமமாக இருந்தால், அதைச் சமன் செய்தது யார் என்று கேட்க வேண்டும். யாரும் மண்வெட்டி பிடிக்கவில்லை என்றால் தண்ணீர்தான் செய்திருக்கும். மேலே அரித்த மண்ணை மழைக்கு மழை கொண்டுவந்து கொட்டி, தானே மெழுகி வைத்த தரை அது. வண்டல் ஆழமாக இருக்கும், காய்கறி நன்றாக வரும். ஆனால் அடுத்த பெருமழைக்கும் தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும்.

நான் அங்கே வீடு கட்டவில்லை, கோழிக் கொட்டகை கட்டினேன். நல்ல வெயில் காலம். நாலு கம்பம், தகரக் கூரை, சுற்றிலும் கம்பி வலை. சரிவில் குழி தோண்டிக் கம்பம் நட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் சமதளத்தில் நடுவது எத்தனை சுகம் என்று தெரியும். முதல் பெருமழை ராத்திரியில் வந்தது. டார்ச் விளக்கோடு இறங்கிப் போனால் கணுக்கால் வரை தண்ணீர். தீவனத் தொட்டி மிதந்துகொண்டிருந்தது. கோழிகள் உச்சிக் கம்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன, ஒரு சத்தம் இல்லை. மூன்றைக் காணவில்லை. விடிந்ததும் பார்த்தேன்: கம்பி வலையில் ஒரு சாண் உயரத்தில் சருகும் குச்சியும் கோடு போட்டதுபோல ஒட்டியிருந்தன. பக்கத்து மரத்தின் அடியிலும் அதே உயரத்தில் ஒரு கோடு, காய்ந்து வெளுத்த பழைய கோடு. அந்த மரத்தில்தான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வாரக்கணக்கில் வேலை பார்த்திருக்கிறேன்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் பெய்தால் உங்கள் நிலத்தில் மட்டும் இரண்டு லட்சம் லிட்டர் விழும். மண் குடித்ததுபோக மிச்சம் கீழே போகும். அதோடு உங்களுக்கு மேலே இருப்பவர்களின் தண்ணீரும் சேர்ந்து வரும். பத்திரத்தில் போட்டிருக்கும் எல்லை அதற்குத் தெரியாது.

தண்ணீர் மட்டுமல்ல, குளிரும் அப்படித்தான். தெளிந்த வானமுள்ள இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் மெல்ல வழிந்து பள்ளத்தில் தேங்கும். பனி உறையும் மலைகளில் முதலில் கருகுவது அடிவாரத்துச் செடிகள்தான். நடுச்சரிவு கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். வீட்டையும் அங்கே வையுங்கள். ஆனால் சரிவை வெட்டி, வெட்டின மண்ணை முன்னால் கொட்டி, அதன்மேல் அஸ்திவாரம் போட விடாதீர்கள். பாதி வீடு பழைய மண்ணிலும் பாதி வீடு கொட்டின மண்ணிலும் நின்றால், கொட்டின பக்கம் இறங்கி நடுவில் விரிசல் விடும். உங்கள் வீட்டம்மாவுக்கு அந்தச் சமதளம் பிடித்திருந்தால் அங்கே ஒரு பெஞ்சு போட்டுக் கொடுங்கள்.

நீங்கள் நிலத்தைப் பார்த்தது எந்த மாதம் என்று எழுதவில்லை. கோடையில் என்றால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு மழை நாளில் போய், எல்லையின் மேல்முனையிலிருந்து தண்ணீர் போகிற வழியே கூடவே இறங்குங்கள். எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது, எங்கே கலங்கலாகிறது என்று பாருங்கள். கலங்கின இடத்தில் மண் போகிறது என்று அர்த்தம். (மின்னல் இருந்தால் வேண்டாம், இன்னொரு மழை வரும்.)

வாங்கியபின் முதல் வேலை, ஓடுகிற தண்ணீரைத் தடுக்கச் சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் வரப்பு போடுவது. கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு கம்பைக் கூடாரம்போல உச்சியில் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு. உச்சியிலிருந்து தூக்குக்குண்டு, இல்லாவிட்டால் கல் கட்டின நூல். தரையில் இரண்டு புள்ளிகளில் கம்புகளின் கால்களை வைத்து, குறுக்குக் கம்பில் நூல் தொடுகிற இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே மூன்றாவது குறி. இனி நூல் அந்த நடுக்குறியில் விழுந்தால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. அப்படியே காலைத் திருப்பித் திருப்பிச் சரிவின் குறுக்கே நடத்திக்கொண்டு போய், வைத்த இடத்திலெல்லாம் முளைக்குச்சி அடியுங்கள். குச்சிகளைத் திரும்பிப் பார்த்தால் நேர்கோடாக இருக்காது, பாம்புபோல வளைந்து போகும். அதை நேராக்க ஆசை வரும், ஆக்கிவிடாதீர்கள். வரப்பில் ஒரு பக்கம் தாழ்ந்தால் தண்ணீர் மொத்தமும் அங்கே ஓடிவந்து உடைத்துக்கொண்டு போகும். எங்கள் பக்கம் ஆடுகள் மேய்ந்து போட்ட தடங்கள் பல இடங்களில் என் குச்சி வரிசைக்கு இணையாகவே போகின்றன. அவை நூல் பிடித்துப் பார்க்கவில்லை, ஏற இறங்கச் சோம்பல்பட்டதில் அமைந்த மட்டம்.

சரி, நடைக்கு வருவோம். பூங்காக் கணக்கை மலைக்குக் கொண்டுவராதீர்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். உங்கள் பத்து கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏற்றம் இருந்தால் இரண்டரை மணி நேரம். அதுவும் நல்ல தேகக்கட்டு உள்ளவர்களுக்கு, நின்று மூச்சு வாங்கும் நேரம் சேராமல். ஏற்றத்தில் நெஞ்சு வாங்கும், இறக்கத்தில் முழங்கால் வாங்கும். மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கினதால்தான்.

அந்த இரண்டரை மணி நேரத்தை ஆடு தராது. பால் கறக்கிற ஆடு காலையும் மாலையும் அதே நேரத்தில் உங்களை எதிர்பார்க்கும். சினை ஆடு ஏறத்தாழ 150 நாள் சுமந்து, பெரும்பாலும் நீங்கள் வெளியே கிளம்புகிற நாளில் குட்டி போடும். நாலு ஆடு வேண்டாம், இரண்டோடு தொடங்குங்கள். ஒற்றை ஆடு வேண்டவே வேண்டாம், துணையில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும். முதல் வருடம் ஆடே இல்லாமல் நடந்துவிட்டு, இரண்டாம் வருடம் வாங்கினால் இன்னும் நல்லது. எனக்கு இப்போது நடை என்றால் விடியற்காலையில் வேலியைச் சுற்றி வருவதுதான். கையில் அரிவாள், பையில் கொஞ்சம் கட்டுக்கம்பி. தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, ஒரு மணி நேரம் ஆகிறது. வாரத்தில் ஒரு நாள் பக்கத்து நிலத்துக்காரர் கறவையைப் பார்த்துக்கொள்கிறார், நான் முகட்டுக்குப் போகிறேன். இன்னொரு நாள் அவருக்காக நான். இந்த ஏற்பாடு அமைய எனக்கு மூன்று வருடம் ஆனது. நிலம் பார்க்கும்போது பக்கத்து நிலத்துக்காரரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு ஏக்கர் போதுமா? இரண்டு பேருக்குக் காய்கறிக்குத் தாராளம், ஆட்டுத் தீவனத்துக்குப் போதாது, பணத்துக்கு நம்பாதீர்கள். ஒரு வேடிக்கை: பத்திரத்தில் இருக்கும் பரப்பு மேலிருந்து பார்த்த தட்டையான அளவு. 30 டிகிரி சரிவென்றால் காலுக்குக் கிடைக்கும் தரை அதைவிடச் சுமார் 15 சதவீதம் அதிகம். களை பிடுங்கும்போது அந்த 15 சதவீதமும் தெரியும். விளைச்சலில் தெரியாது.

காலணியை மாலையில் போய் வாங்குங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அடியில் பல் ஆழமாக இருக்கட்டும். நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விடுங்கள். இறங்கும்போது கால் முன்னால் சறுக்கி நகம் இடிக்கும், கறுத்துப்போய் விழவும் செய்யும். இறங்கும் முன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள்.